பழையபடி ஒப்படைத்த வீடு

அன்புள்ள பெரியவளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சின்னவனும் உடம்புக்கு நலம், வீடுதான் இல்லை. அங்கே நீ நலமாக, வீட்டோடு இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உன்னைவிடப் பதினோரு வயதுதான் மூத்தவன் என்றாலும் உன் பள்ளிக்கூடப் படிவங்களில் பெற்றோர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், அதனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அந்த வீட்டுக்கார அம்மா "நீ என் பொண்ணு மாதிரி, நமக்குள்ள எதுக்கு எழுத்து, அஞ்சு வருஷம் இரு" என்றாராம், நீயும் ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு போகப்போகிறாயாம். எழுத்து இல்லாமல் போகாதே.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்த ஊரில் எங்கள் வீட்டுக்காரரும் இதே பாட்டைத்தான் பாடினார். தாளில் பதினோரு மாதம், வாயில் அஞ்சு வருஷம். அந்த வாயை நம்பி, மின் நிலையத்தில் மாரடித்துவிட்டு வந்த மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டுக்கே கொட்டினேன். குளியலறை ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குழாயைத் தொட்டால் ஷாக் அடித்தது, கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போகத் தோட்டத்தில் குழி தோண்டி எர்த் கம்பி இறக்கினேன். குளியலறைத் தண்ணீர் வாசற்படிக்கு ஓடி வந்தது, தரையைப் பெயர்த்து வாட்டம் சரிசெய்தேன். தொங்கிய கதவுகளை நிமிர்த்தினேன். எல்லாம் முடிந்து அக்கடா என்று உட்கார்ந்தபோது அவர் வந்து சுற்றிப் பார்த்தார், பிரமாதம் என்றார், மறுவாரமே மகளைக் குடிவைக்கப் போகிறேன், காலி பண்ணுங்கள் என்றார். ஏன் சார் என்றால், "வெளிநாட்டுக்காரங்க தம்பி நீங்க, என்னைக்கிருந்தாலும் போறவங்கதானே" என்று ஒரு சிரிப்பு.

சண்டை போடவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். குடியிருப்பவர் வீட்டை எந்த நிலையில் பெற்றாரோ அதே நிலையில் ஒப்படைக்க வேண்டும், வீட்டுக்காரரே சேர்த்த வரி. குடிவந்த அன்று நான் எடுத்த நாற்பத்திரண்டு படங்கள் கையில் இருந்தன, ஒவ்வொன்றின் பின்னாலும் அவர் கையெழுத்து. மூன்று நாள் விடுப்புப் போட்டேன். ரசமட்டம் வைத்து அளந்து குளியலறைத் தரையைப் பழையபடி தப்பான வாட்டத்தில் போட்டேன், இவ்வளவு துல்லியமாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை. கதவுகளை மறுபடி தொங்கவிட்டேன். சித்தி "முத்திப்போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டே திருகாணி எடுத்துக் கொடுத்தாள். எர்த் கம்பியில் ஸ்பேனரை வைத்தபோதுதான் கையைப் பிடித்தாள், அங்க குளிக்கப்போறது அந்தாளு இல்ல, அவர் பொண்ணு என்றாள். அதை மட்டும் விட்டுவைத்தேன்.

சாவி வாங்க வந்தவரிடம் 'பழையபடி பெற்றுக்கொண்டேன்' என்ற தாளைக் கையெழுத்துக்கு நீட்டி, படம் படமாக ஒப்பிட்டுக் காட்டினேன். முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசிப் படத்தில்தான் அவருக்கு உயிர் வந்தது. "இந்தக் கம்பி படத்துல இல்லையே தம்பி, இதையும் எடுத்துட்டுக் கையெழுத்துக் கேளு" என்றார். நான் ஹீட்டரைப் போட்டேன், ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன். நீங்களே கழற்றுங்க சார், கழற்றிட்டு அந்தக் கையாலேயே குழாயைத் திறங்க, நான் நிக்கிறேன் என்றேன். ஸ்பேனரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பேனா கேட்டார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் இனிக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் இப்போது நாங்கள் அலுவலக விருந்தினர் அறை ஒன்றில் கிடக்கிறோம், சின்னவன் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில் தூங்குகிறான். பழிதீர்த்தால் மனசு ஆறும், தலைக்குமேல் கூரை வராது. ஆகவே அஞ்சு வருஷத்தையும் எழுத்தில் வாங்கு, இடையில் காலி பண்ணச் சொல்லி எழுப்ப முடியாது என்ற வரியோடு. அந்த அம்மா முகம் கோணினால் கோணட்டும். மகள் மாதிரி என்றால் மகளுக்கு எழுதித் தருவதில் என்ன நோவு என்று சிரித்துக்கொண்டே கேள். எழுத்து கைக்கு வரும்வரை வண்டியிலிருந்து ஒரு பெட்டியைக்கூட இறக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. யாரும் எழுப்ப முடியாத வீட்டில் கால் நீட்டித் தூங்கி, நீடு வாழ்க.

உன்மேல் உயிராக இருக்கும்,
சித்தப்பா