கேஸ் ஷீட் இல்லாத ஒரு பல்

அக்கா,

இன்று காலை கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயியின் ஈறிலிருந்து அரிசி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். அதைப் பரிசோதனைக்கு அனுப்ப ஃபார்மலின் பாட்டிலைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இந்த நாத்தம் புடிச்சதைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா டாக்டரம்மா?" என்று ஆரம்பித்திருப்பீர்கள். இப்போது இருக்கும் பெண் ஒன்றும் சொல்வதில்லை. மாஸ்க்கை ஏற்றி விட்டுக்கொண்டு, பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டுப் போகிறாள். நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்தான் பாட்டிலை மூடிய பிறகும் வெகுநேரம் கை கழுவிக்கொண்டே நின்றேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. பதினோரு வருஷம் பக்கத்திலேயே நின்றவரிடம் வாய்விட்டுச் சொல்லாததை இப்போது காகிதத்தில் எழுதுவது அசட்டுத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் போன வாரம் உங்கள் மகள் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

செங்கம் ரோட்டில் நம்முடைய கிளினிக்கில் இருந்ததெல்லாம் ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே மெஷின், நாம் இரண்டு பேர். பல் டாக்டர் நான். ஆனால் வருகிறவர்களை முதலில் படித்தவர் நீங்கள். செருப்பைக் கழற்றும்போதே, "இவுரு ரெண்டு நாளா தூங்கல", "அந்தம்மா பொய் சொல்லுது, புகையிலை போடுது" என்று காதோடு சொல்லிவிடுவீர்கள். நான் முறைப்பேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மிச்சம் இரண்டை நான் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உங்களைக் கிண்டல் செய்வேன்.

அந்த மணிலாக்கொட்டை வியாபாரியை மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்ப்பல் ஆடுகிறது, எடுத்துவிடுங்கள் என்று வந்தவர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பல் பிடுங்கும் குறடை எடுத்து வைக்கச் சொன்னேன். நீங்கள் எடுக்கவில்லை.

"டாக்டரம்மா, கொஞ்சம் வெளிய வந்து பாருங்க."

"என்னக்கா, அவரையே உள்ள கூப்பிடுங்க."

"இல்லீங்க, இங்க நின்னு பாருங்க. டீ தாடையில வழியுது. அவுரு தொடைக்கல. அவுருக்குத் தெரியவே இல்ல."

பார்த்தேன். கொதிக்கிற டீ கீழுதட்டிலிருந்து முகவாய்க்கு ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மனிதர் யாரிடமோ போனில் மூட்டை விலை பேசிக்கொண்டிருந்தார்.

கீழுதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. அடிபடாமல், ஊசி போடாமல் உதடு மரத்துப்போனால், உள்ளே எதுவோ அந்த நரம்பை நசுக்குகிறது என்று அர்த்தம். படிக்கிற காலத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு மறந்த விஷயம் அது. எக்ஸ்ரேயில் அவருடைய தாடைக்குள் ஒரு கட்டி பாதி எலும்பைத் தின்றிருந்தது. சென்னைக்கு அனுப்பினோம். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார், கோணல் வாயோடு மூட்டை விலை பேசிக்கொண்டு.

அதற்கு அடுத்த நாள்தான் நீங்கள் கேஸ் ஷீட்டில் கை வைத்தீர்கள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று இங்கிலீஷில் ஆறு கேள்விகள் அச்சடித்திருக்கும். அதன் கீழே பேனாவால், உங்கள் குண்டு எழுத்தில், ஏழாவதாக எழுதினீர்கள்: ‘கீழ் ஒதடு மரத்துப் போகுதா?’ அடுத்த முறை அச்சடித்தபோது அதை அப்படியே, ‘ஒதடு’ என்றே போடச் சொன்னேன். கேள்வியோடு விடவில்லை நீங்கள். பஞ்சைத் திரித்து நூலாக்கி, "கண்ணை மூடிக்குங்க, பஞ்சு படும்போதெல்லாம் ‘ம்’னு சொல்லுங்க" என்று எல்லோருக்கும் வைத்துப் பார்த்தீர்கள். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்குச் சைகையிலேயே புரியவைத்து ‘ம்’ சொல்ல வைத்தீர்கள். அவர் அதை ஏதோ தியானம் என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கண்ணைத் திறக்கவில்லை.

ஆனால் வருஷத்துக்கு ஒருவர், இருவர் ‘ம்’ சொல்ல மாட்டார்கள். பஞ்சு உதட்டில் போய்க்கொண்டே இருக்கும். அவர்கள் கண்ணை மூடியபடி, இன்னும் பஞ்சு படவில்லை என்று பொறுமையாகக் காத்திருப்பார்கள். அப்போது நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள், நான் உங்களைப் பார்ப்பேன். நாற்காலியில் இருக்கிறவருக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது.

இவ்வளவும் செய்துகொண்டிருந்த நம் கிளினிக்கில் எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. நம் ஆட்களுக்குக் கேஸ் ஷீட் கிடையாது. என் அம்மா, உங்கள் வீட்டுக்காரர், கீழே டிபன் கடை வைத்திருக்கிறவர் எல்லோரும் நேராக வந்து வாயைத் திறப்பார்கள். அவர்களிடம் போய்ச் சர்க்கரை உண்டா என்று பேப்பரை நீட்டினால் சிரிப்பார்கள். ‘நமக்குள்ள என்ன’ என்பதுதான் பேச்சு. எல்லா டாக்டர்களும் செய்கிறதுதான். அதை ஒரு பிரியம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமி அன்று எப்போதும் மதியத்தோடு கிளினிக்கை மூடிவிடுவோம். சாயங்காலம் கிரிவலக் கூட்டம் ரோட்டை நிறைத்துவிடும், பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பௌர்ணமியன்றும் கடைசி நோயாளி போனதும் நீங்கள் நாற்காலியைத் துடைத்தீர்கள். துடைத்துவிட்டு அதில் நீங்களே உட்கார்ந்தீர்கள்.

"டாக்டரம்மா, வலது பக்கம் கீழ கடவாப் பல்லு ஆடுது. ஜாஸ்தி வலிக்குது. புடுங்கி வுட்டுடுங்க, ரெண்டு மணி பஸ்ஸைப் புடிக்கணும்."

ஈறு சுத்தமாக இருந்தது. சொத்தை இல்லை. நாற்பத்து நாலு வயசில், ஒரு கோளாறும் இல்லாத வாயில், ஒற்றைப் பல் மட்டும் ஏன் ஆட வேண்டும்? முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூட கேட்டிருக்கும். எக்ஸ்ரே மெஷின் நாலு அடி தள்ளி இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. நான் மணியைப் பார்த்தேன்.

ஊசி போட்டேன். போட்ட கையோடு "உதடு மரத்துச்சாக்கா?" என்றேன். "மரத்துடுச்சு" என்றீர்கள். அது மரக்க நாலைந்து நிமிஷமாவது ஆகும். எனக்கோ பெருமை. "பார்த்தீங்களா என் கை ராசியை" என்று பீற்றிக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பல் இழுக்க வேண்டியே இருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. கூடவே வேரைச் சுற்றிச் சதையும் வந்தது. வழக்கமாக வருவதைவிட அதிகம், நிறமும் வேறு. ரத்தம் லேசில் நிற்கவில்லை. குழியைச் சுரண்டி மிச்சச் சதையையும் எடுத்தேன். வேறு யாருக்காவது வந்திருந்தால் அது ஃபார்மலினுக்குப் போயிருக்கும். எழுதி அனுப்பக் கேஸ் ஷீட் இல்லை, நீங்கள் வேறு நம்ம ஆள். பல்லையும் சதையையும் சேர்த்து, குப்பைக்கு வைத்திருக்கும் மஞ்சள் பையில் போட்டேன்.

குழி ஆறவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மருந்து வைத்து வைத்துப் பார்த்தேன். உதடு மரப்பு போகவில்லை என்று ஒரு நாள் பட்டும் படாமல் சொன்னீர்கள். "ஊசி நரம்புல பட்டிருக்கும், தானா சரியாயிடும்" என்றேன். ஆறாவது வாரம் ஒரு காலையில் நீங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகவாயில் ஈரம். நீங்கள் துடைக்கவில்லை.

உங்களைக் கூட்டிவந்து உட்கார வைத்துப் பஞ்சைத் திரித்தேன். எனக்குச் சரியாகத் திரிக்க வரவில்லை. நீங்களே வாங்கித் திரித்துக் கொடுத்தீர்கள். பிறகு நான் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் உதட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தேன். இடது பக்கம் வந்த பிறகுதான் ‘ம்’ வந்தது.

"எப்பத்துலேந்துக்கா?"

"பல்லு புடுங்கறதுக்கு முன்னாடியேங்க. ஒரு மாசமா இருக்கும்."

"ஏன்கா சொல்லல?"

"நீங்க கேக்கலியே." பஞ்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "கேட்டா சொல்லிடணுமேனு பயந்துனுதான் இருந்தேன்" என்றீர்கள்.

அன்று எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் எது என்றே தெரியவில்லை. இந்த முறை துண்டு எடுத்து, ஒழுங்காகப் பாட்டிலில் போட்டு, ஒழுங்காகப் பெயர் எழுதினேன். எலும்பிலேயே பிறக்கிற புற்று என்று முடிவு வந்தது. கால் எலும்பில் வருவதுண்டு. தாடையில் வருவது அபூர்வம். ஒரு பல் டாக்டர் ஆயுசு முழுக்கப் பார்க்காமலேகூட ஓய்வு பெறலாம். நான் பார்த்தேன். பார்த்ததைக் குப்பையில் போட்டேன்.

சென்னையில் பெரிய மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் ஃபைலைத் திறந்துவைத்துக் கேட்டார்: "பல் எடுக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுக்கலையா?" நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"டாக்டரம்மா எடுக்கணும்னுதாங்க சொன்னாங்க. நான்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சுனு வேணாம்னுட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். நோயாளி எக்ஸ்ரே எடுக்க மறுத்தார் என்று இங்கிலீஷில். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க முடிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு பாதித் தாடையை எடுத்துவிட்டுக் கால் எலும்பை வைத்துத் தைத்தார்கள். நீங்கள் குழாய் வழியாகக் கஞ்சி குடித்தீர்கள், சிலேட்டில் எழுதிப் பேசினீர்கள், நாலு மாதத்தில் அது நுரையீரலுக்குப் போனது. அத்தனை நாளில் எத்தனையோ முறை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பொய்யைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் பேசவில்லை. ஆறு வாரம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒரு நாள் அந்த டாக்டரைத் தனியே கேட்டேன். "சொல்ல முடியாது மேடம்" என்றார். அதுதான் இருக்கிற பதில்களிலேயே கொடுமையானது.

போன வாரம் உங்கள் மகள் வந்தாள். நர்சிங் கடைசி வருஷம். உங்கள் மேஜை டிராயரில் இருந்த கண்ணாடியையும் சீப்பையும் எடுத்துப்போக வந்தவள், எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"ஃபைலைப் படிச்சேன் மேடம். வாரா வாரம் மத்தவங்களுக்கெல்லாம் பஞ்சு வெச்சுப் பாக்கறவங்க, ரெண்டு நிமிஷம் எக்ஸ்ரேக்கு உக்கார மாட்டேன்னு இருக்காங்களே. எங்களைப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சாங்களா? செத்தவங்க மேல கோவப்படக் கூடாதுனு சொல்றாங்க. எனக்குத் தீரவே மாட்டேங்குது."

நீங்கள் எனக்காகச் சொன்ன பொய் உங்கள் பிள்ளையின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது அக்கா. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை என்று சொன்னேன். எதுவுமே கேட்காமல் பிடுங்கினேன் என்றும், வந்த சதையைத் தூக்கிப் போட்டேன் என்றும் சொன்னேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை.

"சதையெல்லாம் மஞ்சள் பைலதானே போடுவீங்க?"

"ஆமாம்மா."

"அதைக் கட்டி வண்டிக்கு எடுத்து வெக்கறது எங்கம்மாதானே?"

"ஆமா."

"அன்னிக்கும் அவங்கதானா?"

தலையை ஆட்டினேன். அவள் கண்ணாடியைப் பையில் போட்டு ஜிப்பை மூடினாள். கதவருகே போய்த் திரும்பி, "கட்டும்போது அம்மா அதைப் பாத்தாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

எனக்குத் தெரியும். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அன்று நீங்கள் ஒரு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பை வாயைச் சேர்த்தீர்கள். சேர்த்ததைக் கட்டாமல் மறுபடி பிரித்தீர்கள். குனிந்து உள்ளே பார்த்தீர்கள், வெகுநேரம். பிறகு ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. நான் கை துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா. உங்கள் முகத்தையும் பார்த்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றேன்.