இடப்பக்கம் திரும்பாத ட்ரக்டர்

09.06.2025
முரசுமோட்டை. காலை விஜிதரனின் கராஜில் இருந்தேன். சங்கிலியில் ஓடும் சின்ன ட்ரக்டர். கூட்டுறவுச் சங்கம் காடு வெட்டிய மெசின். பழைய இரும்புக்காரரிடமிருந்து அவன் மீட்டு மூன்று வருடம். இல்லாமற்போன பாகங்களுக்கு வேறு பூட்டி, போன மாதம் இயந்திரத்தை ஓடவைத்துவிட்டான். ஆனால் இடப்பக்கம் திரும்பாது. இதற்கு ஸ்டியரிங் இல்லை, இரண்டு கைபிடிகள்தான். இடது பிடியை இழுத்தால் இடது சங்கிலி நின்று, மெசின் அந்தப் பக்கம் சுற்றவேண்டும். நிற்கவில்லை. உள்ளே கிளச் தட்டுகள் துருவில் ஒட்டியிருக்கும் என்கிறான்.

ஓகஸ்ட் 23 கிளிநொச்சியில் பழைய இயந்திரக் கண்காட்சி. மைதானத்தில் ஓட்டிக் காட்டவேண்டும்.

“வலப்பக்கமாவே சுத்தி வந்தா என்ன ஐயா? ஆக்கள் கவனிக்கமாட்டினம்” என்று சிரித்தான். பிறகு, “இதை ஓட்டின நல்லதம்பி அண்ணை கனகராயன்குளத்தில இருக்கிறாராம். நீங்கள் பேப்பரில வேலை செய்த ஆள், பழக்கமா இருக்கும். ஒருக்காப் போய்க் கேளுங்கோவன்.”

பழக்கமில்லை என்றேன். உண்மைதான். நான் அவரைச் சந்தித்ததே இல்லை.

11.06
போகவில்லை.

14.06
இடப்பெயர்வில் நான் எழுதியவை எல்லாம் போயின. ஒரு செய்தி மட்டும் தலைக்குள் கிடக்கிறது. 22.01.1994, பதினொரு வரி. ‘சங்க ட்ரக்டரின் பாகங்கள் மாயம், சாரதி பணிநீக்கம்.’ டீசலை இயந்திரத்துக்குள் தெளிக்கும் நொசில் நான்கையும் சாரதி நல்லதம்பி கழற்றி விற்றுவிட்டார் என்று சங்கச் செயலாளர் சொன்னார். எழுதினேன்.

சங்க அலுவலகத்திலிருந்து சாரதியின் வீடு சைக்கிளில் அரை மணி நேரம். ஏன் போகவில்லை? வெயில் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். செயலாளர் “மலையகத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த ஆக்கள், தெரியும்தானே” என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டினேனா? ஆட்டினேன்.

அவர் எடுத்திருக்கவும் கூடும். எடுத்திருந்தாலும் கேட்காமல் எழுதியது சரியாகாது.

27.06
கிளச் பக்கம் போவதற்காக விஜிதரன் கியர் பெட்டியையும் திறந்தான். கறுத்த ஒயிலுக்குள் கையை விட்டு, பல்லுச் சக்கரங்கள் படாத மூலையிலிருந்து துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்தான். அவிழ்த்தால் நொசில். நாலு. துருவே இல்லை.

“ஆரோ விண்ணன், மூளைக்காரன்” என்றான். “டீசல் இல்லாத காலம், மெசின் சும்மா நிக்கப்போகுது எண்டு கழற்றி ஒயிலுக்குள்ள போட்டிருக்கிறார். களவும் போகாது, கறளும் பிடிக்காது.”

கதிரையொன்றில் உட்கார்ந்தேன். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டான். விசயத்தை அவனிடம் சொல்லவில்லை.

30.06
புறப்பட்டேன். கண்டி வீதி வரை போய்த் திரும்பிவிட்டேன். என்ன மனுசன் நான்.

05.07
போனேன். எழுபத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன், அந்தச் செய்தியை எழுதியவன் என்றேன். வெட்டுவதை நிறுத்தவில்லை. அவருடைய மனைவி வடிவம்மாதான் பேசினா.

“முப்பத்தொரு வருஷம் கழிச்சு வர்றீங்க. பஸ் கெடைக்கலியா?”

நொசில் கிடைத்ததைச் சொன்னேன். நல்லதம்பி நிமிர்ந்தார். “அங்கதான் இருக்கும். கியர் பெட்டியத் தொறந்து பாருங்கன்னு செயலாளர்கிட்ட சொன்னேன். தொறக்கல. பேப்பர்ல போட்டிருந்தாங்க. சரி, எழுதின ஆளு வந்து கேப்பாருன்னு மூணு நாள் எங்கயும் போகாம வீட்லயே இருந்தேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் இடப்பக்கத்துக் கிளச்சைப் பற்றி மட்டும் விளக்கமாகச் சொன்னார்: தட்டுகளுக்குள் மண்ணெண்ணெய் விடவேண்டும், பிடியைப் பின்னுக்கு இழுத்துக் கயிற்றால் கட்டி ஒரு கிழமை வெயிலில் விடவேண்டும், பிறகு ஓட்டியபடியே இடது பிரேக்கை ஒரே மிதி. “பயந்து மிதிச்சா விடாது.”

18.07
மூன்றாம் மிதியில் தட்டுகள் விட்டன. மெசின் இடப்பக்கம் சுற்றி வேலிக் கட்டையை முறித்தது. விஜிதரனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

16.08
மெசினுக்குப் பக்கத்தில் வைக்கும் பலகைக்கு நான் எழுதியது: ‘1979 முதல் ஓட்டியவர் நல்லதம்பி. 1994இல் இதன் பாகங்களை அவர் விற்றதாக வந்த செய்தி தவறு. அவர் அவற்றைப் பாதுகாத்தார். செய்தியை எழுதியவன் நான்.’ கீழே என் பெயர்.

“இது தேவையோ ஐயா? சனம் மெசினைப் பார்க்க வருகுது.”

“தேவை.”

“உங்கட பேரெல்லோ கெடும்.”

“அது கெட்டு முப்பத்தொரு வருசம், தம்பி.”

23.08
நல்லதம்பி வந்தார். வெள்ளைச் சட்டை. ஏற விஜிதரன் கை கொடுத்தான், அதைப் பிடிக்காமல் தானே ஏறினார். இரண்டு சுற்று, இரண்டும் இடப்பக்கமாக. சனம் கைதட்டியது. இறங்கி வந்து பலகையை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். “பெயின்ட் நல்லா இருக்கு” என்று விஜிதரனிடம் சொன்னார்.

மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

26.08
வடிவம்மா தொலைபேசியில். “பலகைய கிளிநொச்சியில வச்சிருக்கீங்க. பேச்சு எங்க ஊர்லதான் இருந்துச்சு. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாங்க. வாயால சொல்லுங்க.”

31.08
போனேன். கோயில் முற்றத்தில் பத்தொன்பது பேர். அந்தக் காலத்து ஆட்கள் மூவர். நின்றபடி சொன்னேன், செயலாளர் சொன்னதற்கு நான் தலையாட்டியதையும் சொன்னேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

அமராவதி என்ற மூதாட்டி கேட்டா: “அப்ப சிவரூபிக்குப் பேசின சம்பந்தம் முறிஞ்சுச்சே, அது?”

“அத விடுக்கா” என்றார் நல்லதம்பி.

சிவரூபி அவருடைய மகள். எனக்கு இது தெரியாது. எந்த மாதம் என்று அவரிடம் கேட்டேன். மாசி என்றார். செய்தி வந்த அடுத்த மாதம். பிறகு அவள் கலியாணம் கட்டவில்லையாம். நெளுக்குளத்தில் தையல் கடை.

விலாசம் கேட்டேன். வடிவம்மா விலாசத்தைச் சொல்லத் தொடங்கினா, நான் எழுதிக்கொண்டேன்.