பதினாறு நாள் லேட்

பம்பாய், 12-10-1988

மகள் தனத்துக்கு அம்மா எழுதுவது. உன் இடுப்புவலி தேவலையா? எனக்கு இந்த வீட்டுச் சமையல் வேலை பழகிவிட்டது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தது நீ, மாப்பிள்ளை துரை, உன் மகள் காந்திமதி, டீச்சர், லீவில் வந்திருந்த நான். அவளுடைய ஏழாம் வகுப்புப் பிராக்ரஸ் கார்டில் பதினாறு நாள் லேட் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"ஏம்மா லேட்டாவே வர்றே?" என்று டீச்சர் கேட்டார். குழந்தை உன் முகத்தைப் பார்த்தாள். நீ முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாய். "தூங்கிட்டேன் மிஸ்" என்றாள்.

"பொட்டப் புள்ளைக்கு இது போதும் டீச்சர். பரீட்சை முடிஞ்சா நிறுத்திக்கிறோம், வூட்ல வேலை கீது" என்றார் மாப்பிள்ளை.

பம்மலில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். குடத்தோடு வரிசையில் நிற்பவள் அவள். அந்தப் பதினாறும் தண்ணீர் வந்த நாட்கள். மாப்பிள்ளை தூங்குகிறவர், அவருக்குத் தெரியாது. எழுப்பி அனுப்புகிற உனக்குத் தெரியும்.

நாளைக்கே போய் டீச்சரிடம் உண்மையைச் சொல். குடத்தை மாப்பிள்ளை தூக்கட்டும். காந்திமதியை எனக்கு நாலு வரி எழுதச் சொல். இங்கே தமிழ் பேச ஆள் இல்லை. பால்காரன் கூப்பிடுகிறான், நிறுத்துகிறேன்.

பி.கு.: மாப்பிள்ளையைக்கூட மன்னித்துவிடுவேன். வாயைத் திறக்காமல் நின்ற உன்னை மன்னிக்க மாட்டேன்.