கிபிருக்குப் பயமில்லை, கணக்குக்குத்தான்

இன்று காலை பரீட்சைச் செய்திக்காகக் கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். மாணவர் ஆலோசனை அறை என்று ஒரு கதவில் புதிதாக எழுதியிருந்தார்கள். பெயின்ற் மணத்தில் நின்றபோது உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. சென்ற ஆண்டு புற்றுநோய் உன்னைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் உடனே தொலைபேசி எடுத்திருப்பேன்.

நாங்கள் ஒன்றாகப் படித்த காலத்தில் எங்களுக்கு அப்படியோர் அறை இருக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போக, பின்னேரம் எங்கள் முறை. கிடுகுக் கொட்டில், அரைச்சுவர், வெளியே பாலை மரத்தடியில், கிபிர் விமானம் குண்டு போட வந்தால் ஒளிய ஒரு பதுங்குகுழி. சாதாரண தரப் பரீட்சை நெருங்க, கணக்குத் தாளைக் கண்டதும் உன் விரல்கள் விறைத்துவிடும். தவணைப் பரீட்சையில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தாய். "இனியும் கணக்குப் பிழைச்சா பள்ளிக்கூடம் போனது காணும், வயலுக்கு வா" என்றார் உன் ஐயா.

கணக்கு ரீச்சர் உன்னை ஏசவில்லை. மாதிரிப் பரீட்சைக்கு முன் ஒவ்வொருவரும் தன் பயத்தைச் சொல்ல வேண்டுமென்று ஒரு வழக்கத்தைத் தொடங்கினா. நீ எழும்பி, "எனக்குக் கிபிருக்குப் பயமில்லை ரீச்சர், கணக்குக்குத்தான்" என்றாய். கொட்டிலே சிரித்தது.

"அப்ப இவளை விட்டுக் கிபிரைக் கலைப்பம் ரீச்சர்!" என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன்.

ரீச்சரும் சிரித்தா. "எனக்குக் கணக்கெண்டாப் பயமில்லையடி பிள்ளை. கிபிர் எண்டாத்தான் கால் நடுங்கும். ரெண்டு பேரும் சோடி சேருவம்."

அன்றிலிருந்து விமானச் சத்தம் கேட்டால் நீ அவவின் கையைப் பிடித்துப் பதுங்குகுழிக்கு இழுத்துப் போவாய். கணக்குத் தாள் வந்தால், நீ முதல் வரி எழுதும்வரை அவா உன் பக்கத்தில் இருப்பா. ஆனால் உண்மையான பரீட்சை மண்டபத்துக்குள் அவா வர முடியாது.

கணக்குப் பரீட்சை நாளில் எங்கள் அதே கொட்டில்தான் மண்டபம்; நான் உனக்குப் பின் மேசையில் இருந்தேன். உன் பேனை அசையவேயில்லை. அப்போது தெருவில் சைலன்சர் உடைந்த லொறியொன்று இரைந்துகொண்டு வந்தது. அரைச்சுவருக்கு அப்பால் பாலை மரத்தடியில் காத்திருந்த ரீச்சர், கிபிர் என்று நினைத்து, விரித்த குடையோடு பதுங்குகுழிக்குள் பாய்ந்தா. குடை மட்டும் வாசலில் சிக்கி மேலே நின்றது.

நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

"என்ன சிரிப்பு?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒண்டுமில்லை சேர்" என்று குனிந்தாய். அதன்பின் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

கணக்கில் நல்ல புள்ளியெடுத்துத் திறமைச் சித்தி பெற்றாய். உன் ஐயா வரம்புக்கு வரம்பு நின்று எல்லோருக்கும் சொன்னார். நீ ஓடிப்போய், "என்ர பயம் போட்டுது ரீச்சர், இனி உங்கடதைப் பாப்பம்" என்றாய். "முதல்ல அந்த லொறிக்காரனைப் பாரடி" என்றா அவா.

பிறகு நீயே கணக்கு ரீச்சரானாய். நான் ஆண்டுதோறும் பரீட்சைச் செய்தி எழுதுகிறேன். மண்டபத்துக்கு வெளியே பேச்சற்று நிற்கும் பிள்ளையைக் கண்டால், குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அதன் பயத்தைக் கேட்பேன். இன்று ஒருத்தி, "விஞ்ஞானம்" என்றாள்.

"எனக்கும் அதுதான் பிள்ளை, இப்பவும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.