உறைந்த எண்ணெய்

றோஸ்மலர் காலை ஷிப்டுக்குப் புறப்படுமுன், லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டின் ஃப்ரிஜ் கதவில் புருசன் அருள்நேசனுக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள். அவனோடு ஒன்பது வருடமாகப் பேசாதிருந்த அவனுடைய தமையன், கனடாவில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கக் கூப்பிட்டிருந்தார். அவனுக்கு நாளைக்குப் பயணம். பனிக்கட்டியில் துளையிட்டு வைக்கும், மீன் கடித்தால் கொடி எழும்பும் தூண்டில் ஒன்றை எங்கேயோ வாங்கிவந்து, அதன் சுழலும் பாகமெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசியிருந்தான். அதைப் பற்றி அவள் வாயெடுத்ததும், "மீன்பிடியைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" என்றான். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"மன்னார் மீன்பிடி மன்னருக்கு,

சோறும் கணவாய்க் கறியும் அடுப்பில இருக்கு. உங்கடை தூண்டிலை நேற்று ஃப்ரீஸரில வைச்சுப் பார்த்தன். எண்ணெய் மெழுகாய் உறைஞ்சு, கொடி எழும்பவே இல்லை. லண்டன் குளிருக்கே போத்தலுக்குள்ள கட்டியாகிற எண்ணெய், கனடாவில உருகுமோ? இந்த மூளையோடைதான் என்னைப் பேசுறியள். எல்லாத்தையும் துடைச்சு, குளிருக்கு இறுகாத கிறீஸ் பூசிப்போட்டன். இனித் தொடவேண்டாம்."

கையெழுத்து வைத்துவிட்டு மேலங்கியை மாட்டியவள், திரும்பிவந்து கீழே நெருக்கி எழுதினாள்:

"ஏர்போட்டில அண்ணை முதல் பேசட்டும் எண்டு மரம் மாதிரி நிக்கவேண்டாம். போன கோடையில அவருக்கு நெஞ்சில ஒப்பறேசன் நடந்தது. உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."