முதுகில் பூசிய பான்கேக்

12 ஜனவரி 1998, திங்கள்

காலையில் ஐஸ் மழை. பள்ளி இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்தது. என் அறை வாசலில் வழக்கம்போல் மூன்று பிள்ளைகள். "கவுன்சிலரைப் பார்க்கணும், வயிற்றுவலி" என்று வருவார்கள். அதில் ஒருத்திக்கு உண்மையிலேயே வயிற்றுவலிதான்.

சாயந்திரம் நியூஜெர்சித் தமிழ்ச் சங்கத்து விசாலாக்ஷி போன் பண்ணினாள். சனிக்கிழமை பொங்கல் விழாவுக்கு மேக்கப் பெட்டியை மறக்கக்கூடாதாம். ஒன்பது வருடமாகச் சங்கத்துப் பெண்களுக்கு நான்தான் முகம் பூசி, பின் குத்தி, மேடைக்கு அனுப்புகிறேன். எடுத்துப் பார்த்தேன். முகத்துக்குப் பூசும் பான்கேக் காய்ந்திருக்கிறது. தண்ணீர் தொட்டால் சரியாகிவிடும்.

17 ஜனவரி, சனி

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டேன்.

கயலின் ரவிக்கைக்குப் பின்பக்கம் கொக்கி. ஜெயபிரகாஷ், வான்மதி தம்பதியின் ஒரே மகள், எட்டாம் வகுப்பு. கொக்கி மாட்டத் திருப்பினேன். தோள்பட்டைக்குக் கீழே நாலு தடிப்பு. பெல்ட். இந்த வேலைக்கு வந்த பிறகு பெல்ட்டின் அகலம் பார்த்ததும் தெரிகிறது. ஒன்றில் பக்கிளின் மூலைகூடப் பதிந்திருந்தது.

"மேத்ஸ்ல பி, ஆன்ட்டி. இட்ஸ் நாட் எ பிக் டீல்" என்றாள். பிறகு, ஆடும்போது எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டாள். அதுதான் அவள் கவலை.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? ஸ்பாஞ்சை நனைத்து, பான்கேக்கில் தேய்த்து, அவள் முதுகில் பூசினேன். கவனமாக, நிறம் சேரும்படி. ஒரு தடவை மூச்சை உள்ளிழுத்தாள். "அவ்ளோதான் கண்ணா, முடிஞ்சுது" என்றேன்.

நன்றாக ஆடினாள். முதல் வரிசையில் அவள் அப்பா, வீடியோ கேமராவோடு.

18 ஜனவரி

வீட்டுக்காரர் சாய்ராமிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. குழந்தையை நினைத்தா, காரை நினைத்தா, தெரியவில்லை. தினமும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து பார்சிப்பனிக்கு அவரும் ஜெயபிரகாஷும் ஒரே காரில்தான் போகிறார்கள்.

"அவனுக்கு இந்த வருஷம் கிரீன் கார்டு இன்டர்வியூ. போலீஸ் கீலீஸ்னு ஆச்சுன்னா குடும்பமே மூட்டை கட்டணும். நீ நம்ம மனுஷியா போய் எடுத்துச் சொல்லு, ஸ்வர்ணா. கேப்பான்."

என் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் அந்த நிமிடமே டைஃபஸுக்கு, மாநிலத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, போன் பண்ணியிருப்பேன். கயல் என் பள்ளி இல்லை. என்னை மிஸஸ் சாய்ராம் என்று கூப்பிடுவதில்லை, ஆன்ட்டி என்கிறாள். கவுன்சிலர் பார்த்தால் ஒரு சட்டம், ஆன்ட்டி பார்த்தால் ஒரு சட்டமா? நியூஜெர்சியில் அப்படி இல்லை. பார்த்தவர் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இது எனக்கு மனப்பாடம்.

தெரிந்துகொண்டே இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

25 ஜனவரி, ஞாயிறு

போனேன். வெறும் கையோடு போகக்கூடாது என்று ஆரஞ்சுப் பழம் வேறு வாங்கிக்கொண்டு.

"வாங்க்கா, உக்காருங்க" என்று ஜெயபிரகாஷ் எழுந்து நின்றான். இவ்வளவு மரியாதையான ஆளை நான் பார்த்ததில்லை. வான்மதி கேசரி கொண்டுவந்து வைத்தாள். கயல் மாடியில் இருந்தாள். இறங்கி வரவில்லை. விழாவில் அவள் முதுகைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"புள்ளைய நாமதானுங்க்கா கண்டிக்கணும். இந்த ஊர்க்காரன் மாதிரி வுட்ர முடியுங்களா? ஏதோ கோவத்துல... இனிமேப்பட்டு கை வெக்கமாட்டனுங்க்கா."

வான்மதி என்னைப் பார்க்காமல், "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க்கா" என்றாள். வைத்துக்கொண்டேன். அந்த நெய் இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

12 பிப்ரவரி, வியாழன்

ஆசிரியர்களுக்கு வருடாந்தரப் பயிற்சி. நடத்தியது நான். "சந்தேகம் வந்தாலே போதும். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. பெற்றோரிடம் போய் நீங்களாகப் பேசாதீர்கள், அடி இன்னும் அதிகமாகும்." படம் போட்டு, குச்சியால் தொட்டுக் காட்டி, முழுதாகப் பேசினேன். கைதட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

14 பிப்ரவரி, சனி

சங்கத்துத் தமிழ் வகுப்பு. கயல் நாற்காலியில் முதுகு சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அறைக்குள் ஹீட்டர் எரிந்தும் கோட்டைக் கழற்றவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பக்கத்தில் போனேன். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"யூ டோல்ட் ஹிம், ஆன்ட்டி."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எடுத்துச் சொன்னேனாம், நம் மனுஷியாக! அவன் கையில் பெல்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு கேசரி தின்றிருக்கிறேன். சீ.

நாலு மணிக்கு டைஃபஸுக்குப் போன் பண்ணினேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். சொன்னேன். சாய்ராம் அடுத்த அறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

16 பிப்ரவரி

அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். "நான் அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அவன் மூஞ்சிதான் கவலை. கயலுக்கு ஒரு மூஞ்சி இருப்பதாகவே இந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா? ஒரு மாதம் ஆனதே.

19 பிப்ரவரி

வான்மதி போன். அழவில்லை, கத்தவில்லை.

"ரெண்டு பேர் வந்து புள்ளையத் தனியாக் கூப்ட்டுக் கேட்டாங்க. எல்லாத்தையுஞ் சொல்லிட்டா. செரி. அன்னிக்கு மேக்கப் போட்டு மறைச்சது நீங்கதானுங்களேக்கா. அதைச் சொன்னீங்களா?"

வைத்துவிட்டாள்.

சொல்லவில்லை. பிப்ரவரி பதினாலு பற்றி மட்டும் சொன்னேன். ஜனவரி பதினேழு என்று ஒரு நாளே இல்லாத மாதிரி. அவனாவது மறுக்கவில்லை.

20 பிப்ரவரி

சொன்னேன். முதலில் டைஃபஸில், பிறகு என் பிரின்சிபாலிடம்.

6 மார்ச்

பள்ளியில் என் ஃபைலில் ஒரு கண்டனக் கடிதம் சேர்கிறது. வேலை இருக்கிறது. அடுத்த வருடம் பயிற்சி வகுப்பை வேறு ஒருவர் நடத்துவார். பிரின்சிபால் தன்மையாகத்தான் சொன்னார். அவர் சொல்லும்போது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலும் பிடிக்கவில்லை.

5 ஏப்ரல்

புது வருட விழாவுக்கு என்று விசாலாக்ஷி வந்து மேக்கப் பெட்டியைக் கேட்டாள். "ஒனக்கெதுக்கு சிரமம் ஸ்வர்ணா, இந்த வருஷம் நாங்களே பாத்துக்கறோம்." செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றபடி, நம் வீட்டு விஷயத்தை வெள்ளைக்காரனிடம் கொண்டு போவார்களா என்றாள். அவன் அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பெண்மணி போன வருடம் சிறுவர் விழாவில் குழந்தைகள் தெய்வம் என்று பேசினவள்.

பெட்டியைக் கொடுத்தேன். ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துக் குப்பையில் போட்டேன். அதில் கயலின் தோல் நிறம் இன்னும் இருந்தது.

10 மே

ஜெயபிரகாஷ் வாரம் ஒரு நாள் கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போகிறானாம். டைஃபஸிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறாளாம். கிரீன் கார்டு இன்னும் முடிவாகவில்லை. எல்லாம் சாய்ராம் எங்கேயோ கேட்டு வந்தது. இப்போது அவர் என்னிடம் கொஞ்சம் பேசுகிறார்.

20 ஜூன், சனி

நல்ல வெயில். நூலகத்திலிருந்து வரும் வழியில் அப்பார்ட்மென்ட் நீச்சல் குளத்தைத் தாண்டி நடந்தேன். வேலிக்கு உள்ளே கயல், இரண்டு சிநேகிதிகளோடு. போன கோடை முழுவதும் டி-ஷர்ட் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவாள். இன்று நீல நிற நீச்சல் உடை, முதுகு பாதி திறந்தது.

நின்றேன். என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, கை அசைக்கவில்லை. ஏன் அசைக்க வேண்டும்? துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வாள் என்று நினைத்தேன்.

போர்த்திக்கொள்ளவில்லை. திரும்பி, மெதுவாக டைவிங் போர்டின் ஏணியில் ஏறினாள். முதுகு வெயிலில் கறுத்திருந்தது. வேறொன்றும் இல்லை.