என் போனில் அவர்கள் போட்ட பாட்டு

என்னைப் பெற்று வளர்த்து, கடைசி மூச்சுவரை "பிள்ளை" என்றே கூப்பிட்ட என் ஐயாவுக்கு,

நேற்றுக் காலையில் உங்கள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நான்தான் திறந்து பார்த்தேன். "உங்கள் அன்புக்குரியவர்கள் உங்களை அழைக்கும்போது இனிய பாடலொன்றைக் கேட்கட்டும். 1ஐ அழுத்துங்கள்" என்று போன் கம்பனிக்காரர் எழுதியிருந்தார்கள். நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களுக்குப் பாட்டு வேண்டுமாம்!

போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. உங்களுடைய போன் என்பதால் அதை மேசையில் வைத்துவிட்டு முற்றத்தில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். பக்கத்து வீட்டு வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இப்போது ஊரில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். இருக்கட்டும்.

இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் மற்றவர்களும் வாசிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து உங்கள் இடது காது முழுதாகப் போனது. வலது காது பாதிதான் மிஞ்சியது. முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். போனில் கதைத்தால் ஒரு சொல்லும் பிடிபடாது, இரைச்சல் மட்டும்தான். ஆனால் மறுபக்கம் மணி அடிப்பது மட்டும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அதை வைத்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒரு மணி அடித்துக் கட் பண்ணினால், வயலில் எல்லாம் சரி, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மணி என்றால், வேலை முடிய வயல் பக்கம் வந்து போ. மூன்று மணி என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே வா. நான் போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் மணி நின்றுபோகும், உங்களுக்குக் குழம்பிவிடும்.

ஆறு வருடம் இது தவறவே இல்லை. ஒருமுறை பக்கத்து வயல் சிவம் அண்ணையின் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வாய்க்காலுக்குள் கவிழ்ந்து அவர் கால் அகப்பட்டபோது நீங்கள் மூன்று மணி அடித்தீர்கள். நான் பரந்தனில் தையல் மெசினை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியில் உருத்திரபுரத்துக்குப் பதினைந்து நிமிடத்தில் வந்து நின்றேன். "என்ர பிள்ளைக்கு மணி அடிச்சால் காணும், வந்திடுவாள்" என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அந்த மணியைத்தான் ஐயா, இவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள்.

தையல் கடையில் பாடசாலைச் சீருடை தைக்கிற காலம் அது. கையெடுக்க நேரமில்லை. ஒரு கிழமையாக ஒவ்வொரு நாளும் ஒரு போன் கோல் வரும். எடுத்தால் ஆளில்லை, பதிவு செய்த குரல். முதலில் சிங்களத்தில் ஏதோ சொல்லும், பிறகு பாட்டுப் போடும், பிறகுதான் தமிழ். நான் ஒரு நாளும் தமிழ் வரும்வரை காத்திருந்ததில்லை. ஒரு நாள் எரிச்சலில், இந்தக் கரைச்சல் நிற்கட்டும் என்று 1ஐ அமத்தினேன். கோல் நின்றது. சந்தோசப்பட்டேன்.

அது கோலர் ரியூன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வசதி இருக்கிற போனுக்கு யாராவது கோல் எடுத்தால் மணிச் சத்தத்துக்குப் பதிலாகப் பாட்டுத்தான் கேட்கும். அழைக்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும். போனின் சொந்தக்காரருக்குக் கேட்கவே கேட்காது. என் வீட்டுப் படலை வாசலில் மேளக்காரனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் சத்தம் கேட்காமல் செய்திருக்கிறார்கள். கடையில் என்னோடு தைக்கிற மாலதி ஒரு நாள், "என்னடி, நல்ல குத்துப் பாட்டெல்லாம் போட்டிருக்கிறாய்" என்று கேட்டாள். ஏதோ பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுத் துணியை மடித்தேன்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். என் போன் ஒரு தரம் அடித்து நின்றது. நீங்கள்தான். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிற நாள், ஆகவே தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பவும் ஒரு தரம் அடித்தது. பிறகும் ஒன்று. பிறகும் ஒன்று. நான் சிரித்தேன், ஐயா. "தண்ணி வந்த சந்தோசப் புளுகத்தில ஐயா நாலு தரம் சொல்லுறார்" என்று மாலதிக்குச் சொன்னேன்.

அந்த நேரம் நீங்கள் வரம்பில் காலைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். முத்திரைப் புடையன் பாம்பு கடித்திருக்கிறது. மூன்று மணி அடிக்கத்தான் என் நம்பரை அமத்தியிருக்கிறீர்கள். மணி எங்கே அடித்தது? பாட்டுத்தான் கேட்டது. கட் பண்ணிவிட்டு மறுபடி அமத்தினீர்கள். மறுபடியும் பாட்டு.

பிறகு எழும்பி நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். கடி வாங்கிய காலோடு அரை மைல் தூரம். சிவம் அண்ணை தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர், வழியில் நீங்கள் விழுந்து கிடந்ததைக் கண்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அவர்தான் கோல் எடுத்தார். நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"உனக்கு இப்ப பாட்டு ஒரு கேடா, பிள்ளை?"

"என்ன பாட்டு, அண்ணை?"

அவர் உங்கள் போனை என் கையில் தந்தார். வார்ட்டுக்கு வெளியே நின்று அதிலிருந்து என் நம்பரை அமத்தினேன். ஒரு கையில் என் போன் ஒழுங்காக மணி அடித்துக்கொண்டிருந்தது. மற்றக் கையில், காதுக்குள், ஆரோ ஒருத்தன் காதலியை ஆட வரச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டு முழுவதையும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

டொக்டர் நல்ல மனிசன். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால்" என்று தொடங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே கம்பனியின் கிளைக்குப் போனேன். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். கவுண்டரில் ஒரு இளம் பிள்ளை, நல்லாய்ச் சிரித்துக் கதைத்தாள். கம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, இது உங்கட போனில இருந்துதான் ஆக்டிவேட் ஆகியிருக்கு. நீங்கதான் ஒண்டை அமத்தியிருக்கிறியள்."

"நிப்பாட்டத்தான் தங்கச்சி அமத்தினனான்."

"நிப்பாட்டுறதெண்டால் வேற இலக்கம், அக்கா."

"அதை ஆர் எனக்குச் சொன்னது?"

"கோலின்ர கடைசியில சொல்லும்."

"பாட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தால்தானே கடைசி வரும்? நான் தைக்கிறதோ, உங்கட பாட்டைக் கேக்கிறதோ?"

அவள் முகம் வாடிவிட்டது. அவளில் என்ன பிழை? சம்பளத்துக்கு இருக்கிற பிள்ளை. பிறகு கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் உள்ளேயிருந்து வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கவலையான விசயம்தான் அக்கா. ஆனால் இது நாங்கள் எல்லாருக்கும் குடுக்கிற ஒரு வசதி" என்றார்.

வசதி! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சி கொதித்தது. ஒரு நோட்டீசையும் கையில் தந்துவிட்டார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரை வரிசையில் நிறுத்துகிற வசதி. வருகிற கோலை வேறு போனுக்குத் திருப்பி விடுகிற வசதி. தன் நம்பரை மறைத்துக்கொண்டு கோல் எடுக்கிற வசதி. போன் நின்றிருந்த நேரம் யார் அழைத்தார்கள் என்று அறிவிக்கிற வசதி. எல்லாம் பளபளவென்று, தலையில் பூ வைத்த ஒரு பெண்ணின் படத்தோடு. ஒரு மணி அடித்தால் அது மணியாகவே கேட்கிற வசதி அதில் எங்கேயும் இல்லை. அது எங்களிடம் ஏற்கெனவே இருந்தது.

"காது கேளாத மனிசர் இந்த ஊரில எத்தினை பேர் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். இந்த மண்ணில் கிளை திறக்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாமா? இங்கே செல்லடியில் காது போகாதவர்களைத்தான் தேட வேண்டும். காது போனவர்கள் எப்படிப் போன் பாவிக்கிறார்கள் என்று ஒரு தரமாவது யாரிடமாவது கேட்டார்களா?

அன்றைக்கே பாட்டை நிறுத்திவிட்டார்கள். நிறுத்த எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா, ஐயா? அந்தப் பிள்ளை மூன்று தட்டுத் தட்டினாள். முடிந்தது.

இவ்வளவையும் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். சந்தையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், துக்கம் விசாரிக்க வந்த எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் என்னோடு சேர்ந்து கம்பனியை ஏசினார்கள். ஆனால் ஒன்றை மட்டும் இந்தக் கிழமைவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

பாம்பு கடிக்க இரண்டு நாளுக்கு முதல் பின்னேரம் நீங்கள் வயலால் வந்து குசினி வாசலில் நின்றீர்கள். நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு உளைவு, களைப்பு, காலையில் இருந்து சாப்பிடவுமில்லை.

"பிள்ளை, இண்டைக்கு உனக்கு அடிச்சனான், உன்ர போன் பாட்டெல்லாம் பாடுது" என்றீர்கள்.

"என்ர போன் ஏன் ஐயா பாடுது? நீங்கள் பிழையான பட்டனை அமத்தியிருப்பியள். ஆரும் அந்நியருக்குப் போயிருக்கும்."

"இல்லைப் பிள்ளை, உன்ர நம்பர் போட்டுத் தந்த ரெண்டாம் பட்டனைத்தான் அமத்தினனான்."

"ஐயோ, சொன்னால் கேளுங்கோவன்! பாட்டுக் கேட்டால் அது நான் இல்லை. உடன கட் பண்ணுங்கோ. சும்மா ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்காதேங்கோ."

கத்தித்தான் சொன்னேன். உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று மட்டும் கத்தவில்லை. நீங்கள் தலையை ஆட்டிவிட்டுக் கால் கழுவப் போனீர்கள். என் போனில் வந்து கிடந்த உங்கள் கோலைப் பார்க்க, உங்கள் போனை வாங்கி ஒரு தரம் அமத்திக் காதில் வைத்துப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் சிவம் அண்ணை தேத்தண்ணி வாங்கப் போன நேரம் நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டுச் சொல்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

"நாலு தரமும் பாட்டுத்தான் பிள்ளை வந்தது. நீ சொன்னபடி உடன கட் பண்ணிப்போட்டன்."

ஐயா, எனக்கு உங்களிலும் கோபம். நான் சொன்ன எதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்? வயலுக்குச் சப்பாத்துப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. பிறசருக்குக் குளிசை போடச் சொன்னேன், சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். வெயிலில் தொப்பி போடச் சொன்னேன், சிரித்தீர்கள். உங்கள் வாழ்க்கையில் என் சொல்லைக் கேட்டது அந்த ஒரே ஒரு முறை. அதை மட்டும் ஏன் கேட்டீர்கள்? இன்னும் கொஞ்ச நேரம் அந்த நாசமாய்ப் போன பாட்டைக் காதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

இந்தக் கிழமை முறைப்பாடு எழுதி முடித்தேன். ஒரு பிரதி கம்பனிக்கு, ஒரு பிரதி கொழும்பில் இதைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்கு. ஒருவர் தன் வாயைத் திறந்து ஓம் என்று சொல்லாமல் அவருடைய போனில் இனி எந்த வசதியும் போடக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்துக்குச் சிவம் அண்ணையிடம் கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். குசினி வாசலில் நான் சொன்னதையும் ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதையும் அதில் எழுதியிருந்தேன். அவர் அதை அன்றைக்குத்தான் அறிந்தார். அந்த வரிகளில் விரலை வைத்துக்கொண்டார்.

"இதை வெட்டு, பிள்ளை" என்றார் பிறகு. "இதை இப்பிடியே விட்டால் அவங்கள் இதையே பிடிச்சுக்கொண்டு, மகள்தான் கட் பண்ணச் சொன்னவ எண்டு சொல்லித் தப்பியிடுவாங்கள்."

"சொல்லட்டும் அண்ணை. அது உண்மை."

"உனக்கு நியாயம் கிடையாமல் போகும்."

"என்ர பங்கை நான் மறைச்சுப்போட்டு அவையின்ர பங்கை எப்பிடிக் கேக்கிறது?"

அவர் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். படலைவரை கூட வந்து, என் தலையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நாளைக்கு இரண்டையும் பதிவுத் தபாலில் போடுகிறேன். பதில் வராவிட்டால் திரும்ப எழுதுவேன். அந்தப் பலூன் கட்டிய வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போவேன். அவர்கள் என்னை எவ்வளவு கேவலப்படுத்தினாலும் அந்த வரிகளை வெட்டமாட்டேன், ஐயா. நான் செய்ததை நான் எழுதிவிட்டேன். தாங்கள் செய்ததை அவர்கள் தங்கள் கையால் எழுதித் தரும்வரை விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

நீங்கள் ஒரே ஒருமுறை சொல்லுக் கேட்ட உங்கள் மகள்,
வதனி